ஒரு பொதியும் ஆயிரம் பொறியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியைச் சிறுவகுப்பு மாணவரும் அறிவர். ஆயின், அப்பழமொழியின்கண் அடங்கியுள்ள நிபந்தனையை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எடுத்துப் பார்க்கும் சோறும் எஞ்சிய சோறும் ஒரே பானையில் ஒருங்கே வெந்தனவாதல் வேண்டும். எட்டுப் பானைகளில் எட்டுப் பேர் தனித்தனியே பொங்கினாராயின், முதற் பானைச் சோறு எட்டாம் பானைச் சோற்றுக்குப் பதமாகாது. இவ்வெளிய உண்மையே இற்றைநாட் கணினித் துறையின் பெரியதொரு பிரச்சினைக்கும் அடிப்படையாயுள்ளது. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மென்பொருளை ஒரே வகையாய் நிறுவுதல் எவ்வாறு? நிறுவிய பின்னர் அவை யாவும் ஒத்திருக்கின்றன என்று உறுதி கொள்ளுதல் எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடையாக எழுந்ததே மென்பொருட் பொதி முறை. அதன் இயல்பையும், அத்தகைய ஒழுங்கு இல்லாதவிடத்து விளைந்த கேட்டையும், அவ்வொழுங்கினாலேயே விளையத்தக்க கேட்டையும் சுருக்கமாய் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். பிரதிகளை ஒப்புநோக்குதலும் பாடபேதம் களைதலும் தமிழ் கற்றார்க்குப் புதியன அல்ல என்பதே அவர்க்கு நாம் கூறும் விடை.

முதற்கண் உண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் நைற் கப்பிற்றல் என்னும் பங்குத் தரகு நிறுவனம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் அனுப்பும் கட்டளைகளைப் பகுத்துச் சந்தைக்கு அனுப்பும் பணியை அந்நிறுவனத்தின் எட்டுச் சேவையகங்கள் ஆற்றி வந்தன. சேவையகம் என்பது பிற கணினிகளுக்கு ஏவல் செய்யும் கணினியாகும். நியூயோர்க் பங்குச் சந்தை 2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1 ஆந் திகதி புதியதொரு வணிகத் திட்டத்தைத் தொடங்கவிருந்தது. அதன்பொருட்டு எழுதப்பட்ட புதிய செய்நிரலை யூலை 27 முதலாகச் சேவையகங்களிற் படிப்படியாக நிறுவினர். அப்பணியைச் செய்த தொழினுட்பவியலாளர் ஏழு சேவையகங்களிற் செய்நிரலைப் பிரதிசெய்தார். ஒன்றிற் செய்யாது விட்டார். அவர் செய்ததை மீளச் சரிபார்த்தற்கு இரண்டாமவர் ஒருவர் இருக்கவில்லை.

விடுபட்ட அவ்வொரு சேவையகத்தில் பழைய செய்நிரல் ஒன்று கிடந்தது. அது 2003 ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டினின்று நீங்கியது, எனினும் அழிக்கப்படவில்லை. கட்டளையிட்ட அளவு பங்குகள் வாங்கப்பட்டனவா என எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதி 2005 ஆம் ஆண்டில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டமையால், பழைய செய்நிரல் தன்னைத் தானே நிறுத்தும் ஆற்றலையும் இழந்திருந்தது. புதிய செய்நிரலை எழுப்புதற்கென எந்த அடையாளக்குறி கொள்ளப்பட்டதோ, அதே குறியே முன்னாளிற் பழையதை எழுப்பியதும் ஆகும். ஓகஸ்ட் 1 ஆந் திகதி காலை 9.30 மணிக்குச் சந்தை திறந்தது. ஏழு சேவையகங்கள் புதியதை இயக்கின. எட்டாவது, உறங்கிக் கிடந்த பழையதை எழுப்பியது. எழுந்த அஃது அளவறியாது சந்தைக்குக் கட்டளைகளை அனுப்பியவண்ணம் இருந்தது. 212 சிறு கட்டளைகளை நிறைவேற்றப் புகுந்து, ஏறத்தாழ 45 நிமிடத்தில் 154 வகைப் பங்குகளில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்களைச் செய்து முடித்தது. கைமாறிய பங்குகள் 39 கோடி 70 இலட்சத்துக்கு மேல். நட்டம் 46 கோடி டொலருக்கு மேல்.

இதனினும் இரங்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. கோளாறு எங்குள்ளது என்று அறியாது தடுமாறியோர், புதிய செய்நிரலே குற்றமுடையது எனக் கருதி, அது செவ்வனே நிறுவப்பட்டிருந்த ஏழு சேவையகங்களினின்றும் அதனை நீக்கினர். உடனே அவ்வேழும் எட்டாவதைப் போலப் பழையதை இயக்கத் தொடங்கின. நோயுற்றது எது என்று அறிய இயலாமையால் நலமாயிருந்தனவும் நோயுற்றன. சந்தை திறக்கு முன்னரே, காலை 8.01 மணி முதலாக, பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை அந்நிறுவனத்தின் பொறிகளே அலுவலர்க்கு அனுப்பியிருந்தன. அவற்றைக் கருத்திற் கொண்டு செயற்பட்டார் எவருமிலர். அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2013 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி அந்நிறுவனத்துக்கு 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அதற்கு முன்னரே, அவ்வாண்டின் நடுப்பகுதியில், நிறுவனம் தனித்து நிற்க இயலாது பிறிதொன்றோடு இணைந்துவிட்டது.

இக்கேட்டுக்குக் காரணம் ஒருவருடைய மறதி என்று கூறி அமைதல் எளிது. அது முறையன்று. மனிதர் மறப்பர், மறத்தல் மனித இயல்பு. மறந்ததை மறுநாளேனும் காட்டிக்கொடுக்கும் ஒழுங்கு அங்கே இல்லாமையே உண்மைக் காரணம். “நின்பால் உள்ளது எந்தப் பதிப்பு?” என்று எட்டுப் பொறிகளையும் வினவி, எட்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழி இருந்திருப்பின், வேறுபட்ட ஒன்று ஒரு நொடியிற் புலப்பட்டிருக்கும். அவ்வழியைத் தருவது பொதி முறை.

பொதி என்பது யாது? செய்நிரலை மனிதர் எழுதும் வடிவம் வேறு; கணினி இயக்கும் வடிவம் வேறு. முன்னையது மூலக்குறி எனப்படும். அது கற்றார் வாசித்து விளங்கத்தக்கது. பின்னையது 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் மட்டும் ஆகிய துவித வடிவம். முன்னையதைப் பின்னையதாக மாற்றித் தரும் செய்நிரலைத் தொகுப்பான் என்பர். ஒவ்வொரு கணினிக்கும் மூலக்குறியைக் கொண்டுசென்று ஆங்காங்கே தொகுத்துக்கொள்ளுதல் ஒரு வழி. அஃது எட்டுப் பானைகளிற் பொங்குதல் போன்றது. ஓரிடத்துத் தொகுப்பான் பழையதாயிருக்கும், ஓரிடத்திற் புதியதாயிருக்கும். துணைச் செய்நிரல்களும் இடத்துக்கிடம் வேறுபடும். மூலம் ஒன்றாயினும் விளைவு ஒன்றாகாது. ஓரிடத்தில் ஒருமுறை தொகுத்து, பெற்ற துவித வடிவத்தைப் பொதியாகக் கட்டி, அதனையே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புதல் மற்றைய வழி. ஏட்டுச்சுவடிக்கும் அச்சுநூலுக்கும் உள்ள வேற்றுமையை ஈண்டு நினைவுகூர்க. ஏடு பெயர்த்தெழுதுந்தோறும் பாடம் வேறுபட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றிய பின்னர், அப்பதிப்பின் பிரதியைச் சென்னையில் வாசித்தவரும் யாழ்ப்பாணத்தில் வாசித்தவரும் ஒரே பாடத்தையே வாசித்தனர். பிழை இருப்பினும் அஃது எல்லாப் பிரதிகளிலும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆதலின் ஒருமுறை கண்டு திருத்தலும் எளிதாயிற்று.

பொதி முறையை நன்கு விளக்கும் எடுத்துக்காட்டு டெபியன் என்னும் பணிசெயல் முறைமை. இயன் மேர்டொக் என்னும் அமெரிக்க மாணவர் 1993 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆந் திகதி இதனை அறிவித்தார். டெப்ரா என்னும் தம் அன்புக்குரியவரின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து இதற்குப் பெயரிட்டார். டெபியன் பொதி ஒன்றைத் திறந்து பார்ப்பின் அதனுள் மூன்று பகுதிகள் காணப்படும். முதலாவது, பொதி கட்டப்பட்ட முறையின் எண். இரண்டாவது, பொதியின் பெயர், பதிப்பெண், எவ்வகைக் கணினிக்கு உரியது, வேறு எப்பொதிகளை வேண்டி நிற்பது என்பவற்றைக் கூறும் குறிப்பு. மூன்றாவது, நிறுவப்படவேண்டிய கோப்புகள். நூலின் முகப்பும் பதிப்புரையும் நூலும் ஒரே கட்டினுள் அமைந்தாற் போல்வது இது. றெட் ஹட் என்னும் நிறுவனமும் 1995 ஆம் ஆண்டு இத்தகைய பொதி முறை ஒன்றைத் தன் லினக்ஸ் பதிப்பிற் கொண்டுவந்தது. இவ்விரு மரபுகளும் இன்றும் வழக்கிலுள்ளன.

வேறு எப்பொதிகளை வேண்டி நிற்பது என்னும் குறிப்பே இம்முறையின் உயிர். தமிழ் எழுத்தையே சான்றாகக் கொள்வாம். “கொ” என்னும் எழுத்தைத் திரையில் வரைதற்கு, ககரத்தின் முன் கொம்பும் பின் அரவும் நிற்றல் வேண்டும். லிப்ரே ஒவ்பிஸ் என்னும் எழுத்துப்பணிச் செய்நிரல் இவ்வொழுங்கைத் தானே செய்வதில்லை. ஹாவ்பஸ் என்னும் துணைச் செய்நிரலைக்கொண்டு செய்விக்கிறது. ஆதலின் முன்னையதன் பொதி, பின்னையதன் பொதியைத் தனக்குச் சார்பாகக் கூறும். இன்ன பதிப்பினும் பழையது ஆகாது என்றும் கூறும். பின்னையதற்கும் சார்புகள் உண்டு. அவற்றுக்கும் சார்புகள் உண்டு. இச்சங்கிலியை மனிதர் கையாற் பின்தொடர்ந்து சென்ற காலத்தில் நிறுவுதல் பெருந்தொல்லையாயிருந்தது. 1999 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 ஆம் பதிப்போடு வந்த அப்ற் என்னும் கருவி, சங்கிலி முழுவதையும் தானே ஆராய்ந்து, வேண்டியவற்றைக் களஞ்சியத்தினின்று தருவித்து, வரிசை பிறழாது நிறுவியது. 2023 ஆம் ஆண்டு யூனில் வெளியான டெபியன் 12 ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 64,000 இற்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. இத்துணைப் பொதிகளின் சார்புகளையும் மனத்திற் கொள்ளவல்லார் எவருமிலர்.

இனி, வழியில் எவரேனும் பொதியை மாற்றிவிடின் யாது செய்வது? இதற்கும் நுட்பமானதொரு காவல் உண்டு. ஒவ்வொரு பொதியினின்றும் 256 துவித இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று கணிக்கப்படும். மனிதரின் கைரேகை போன்றது அது. பொதியில் ஓர் இலக்கம் மாறினும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். எல்லாப் பொதிகளின் கைரேகைகளும் ஒரு பட்டியலில் எழுதப்படும். அப்பட்டியலின் கைரேகை தலைமைப் பத்திரம் ஒன்றில் எழுதப்படும். அத்தலைமைப் பத்திரத்தில் டெபியன் அமைப்பார் இலக்கமுறைக் கையொப்பம் இடுவர். எனவே ஒரு கையொப்பத்தைச் சரிபார்க்க, அதன் வழியே பல்லாயிரம் பொதிகளும் சரிபார்க்கப்படுகின்றன. களஞ்சியத்தின் பிரதி எந்த நாட்டில், எவருடைய கணினியில் இருப்பினும் கவலையில்லை. நம்பிக்கை இடத்திற் தங்குவதன்று, கையொப்பத்திற் தங்குவது.

பொதி செவ்விதாயின் மட்டும் போதாது. எல்லாப் பொறிகளிலும் அது சென்று சேர்ந்தமையும் அறியப்படவேண்டும். இதற்கு வழிகாட்டியவருள் முன்னோடி மார்க் பேர்ஜஸ் என்பவர். இவர் 1993 ஆம் ஆண்டு நோர்வே நாட்டு ஒஸ்லோப் பல்கலைக்கழகத்துக் கோட்பாட்டுப் பௌதிகத் துறையிற் பணியாற்றியபோது, அத்துறையின் கணினிகளைப் பேணும் சுமையைக் குறைத்தற்கு சீஎவ்என்ஜின் என்னும் கருவியை இயற்றினார். இதன் கருத்து எளியது, ஆழமானது. “இதைச் செய், பின் அதைச் செய்” என்று பொறிக்குக் கட்டளை கூறாது, “நீ இந்நிலையில் இருத்தல் வேண்டும்” என்று நிலையையே எழுதி வைத்தல். ஒவ்வொரு பொறியும் குறித்த காலந்தோறும் அவ்வெழுத்தோடு தன்னை ஒப்புநோக்கும், குறையிருப்பின் திருத்திக்கொள்ளும், குறையில்லையேல் வாளாவிருக்கும். எத்துணை முறை ஒப்புநோக்கினும் விளைவு ஒன்றே. நன்மாணாக்கன் ஆசிரியர் கேட்குமுன்னே தன் கொப்பியைத் தானே திருத்திக்கொள்ளுதல் போன்றது இது. நைற் கப்பிற்றலின் எட்டாவது பொறி இத்தகையதாய் இருந்திருப்பின், விடுபட்டதைத் தானே நிரப்பியிருக்கும். அன்றேல் விடுபட்டமையை அறிவித்திருக்கும்.

இதுகாறும் ஒருமையின் பயனைக் கூறினோம். ஒருமைக்கும் ஒரு தீமை உண்டு. எல்லாரும் ஒரே பானையில் உண்ணுங்கால், அப்பானையில் நஞ்சு வீழின் எல்லாரும் நோயுறுவர். கிறவுட்ஸ்றைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளில் நிறுவப்பட்டிருந்தது. 2024 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் திகதி அந்நிறுவனம் அக்கணினிகளுக்குப் புதிய தரவுக் கோப்பு ஒன்றை அனுப்பியது. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. செய்நிரல் கொடுத்தவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடப் புகுந்த செய்நிரல், தான் வீழ்ந்ததோடு கணினியையும் வீழ்த்தியது. 78 நிமிடத்தில் அக்கோப்பு மீளப்பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன என்று மைக்கிரோசொவ்ற் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் இடருற்றன. வீழ்ந்த கணினி தானே எழமாட்டாமையால், பல இடங்களில் ஒவ்வொன்றன் முன்னும் ஒருவர் சென்று கையாற் திருத்த நேர்ந்தது.

நைற் கப்பிற்றலில் ஒரு பொறி ஏனையவற்றை ஒவ்வாமையால் கேடு விளைந்தது. இங்கே எல்லாப் பொறிகளும் ஒரே பிழையை ஒருங்கே பெற்றமையால் கேடு விளைந்தது. இவ்விரண்டும் முரணாவன அல்ல. பரிமாறுமுன் ஒரு சோறு எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதையே இரண்டாவது நிகழ்ச்சி உணர்த்துகிறது. புதிய பொதியை முதலிற் சில பொறிகளுக்கு அனுப்பி, அவை நலமுறக் கண்ட பின்னரே பலவற்றுக்கு அனுப்புதல் அறிஞர் கைக்கொள்ளும் முறை. அந்நிறுவனமும் அதன் பின்னர் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் ஒழுங்கை மேற்கொண்டது. டெபியனில் இது நெடுங்கால வழக்கம். புதிய பொதி முதலில் நிலையாப் பிரிவிலும், பின்னர் சோதனைப் பிரிவிலும் தங்கிய பின்னரே நிலைத்த பதிப்பைச் சென்றடையும்.

இவ்வழக்கத்தின் பயன் 2024 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் என்னும் செய்நிரலின் பராமரிப்பில் இரண்டாண்டுக்கு மேலாகப் பங்குகொண்டு நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்றை ஒளித்து வைத்தார். அவர் வழங்கிய புனைபெயரையன்றி உண்மைப் பெயரை உலகம் அறியாது. எல்லாரும் பார்க்கத்தக்க மூலக்குறியில் அக்கள்ளவாயிலைத் திறக்கும் பகுதி இருக்கவில்லை; வெளியீட்டுக்கெனக் கட்டிய மூலக் கட்டில் மட்டும் இருந்தது. அன்ட்ரெஸ் புறொயின்ட் என்னும் பொறியியலாளர், தொலைக் கணினியினுள் நுழைதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாய்ச் செல்வதைக் கண்டு ஐயுற்று, காரணத்தைத் தேடிச் சென்று, அவ்வஞ்சனையைக் கண்டு, மார்ச்சு 29 ஆந் திகதி உலகுக்கு அறிவித்தார். அப்பொழுது அது டெபியனின் முதலிரு பிரிவுகளை எட்டியிருந்தது. நிலைத்த பதிப்பை எட்டவில்லை. படிமுறை ஒழுங்கு தந்த கால இடைவெளியும் ஒரு மனிதரின் கூர்ந்த நோக்கும் சேர்ந்து பெருங்கேட்டைத் தடுத்தன.

கையொப்பம், பொதி இன்னாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டும்; பொதியினுள் இருப்பது நல்லது என்பதைக் காட்டாது. தொகுப்பானே வஞ்சகமுடையதாயின் தூய மூலத்தினின்றும் நச்சு வடிவம் தோன்றலாம் என்று கென் தொம்சன் 1984 ஆம் ஆண்டு வெளிவந்த தம் பரிசுரையிலேயே எச்சரித்தார். ஒரே மூலத்தை வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு மனிதர் தொகுத்து, பெறும் துவித வடிவங்கள் ஓர் இலக்கமும் மாறாது ஒத்திருக்கின்றனவா என்று ஒப்புநோக்கும் முயற்சியை டெபியன் அமைப்பார் 2013 ஆம் ஆண்டு தொடங்கினர். தொகுத்த நேரம், கோப்புறையின் பெயர், கோப்புகளை அடுக்கிய வரிசை ஆகிய சிறு காரணங்களாலும் வடிவம் வேறுபடுதலின், அவற்றை ஒவ்வொன்றாய்க் களைந்து வருகின்றனர். இதனைப் பதிப்பாசிரியர் பணி என்றே சொல்லலாம். இவ்வொப்புநோக்கும் மூலத்தின் தூய்மைக்குப் பொறுப்பாகாது. எக்ஸ்ஸெட் நிகழ்ச்சியிற் போல மூலக் கட்டிலேயே வஞ்சம் புகுமாயின், அதனைக் கண்டறிய மூலத்தை வாசிக்கும் கண்களே வேண்டும்.

நம் பழைய மாணவருட் பலர் பிறந்த மண்ணிலும் பிறநாட்டிலும் இத்துறையில் உயர்பதவி வகிக்கின்றனர். கற்ற கல்லூரிகளுக்குக் கணினிகளை அன்போடு வழங்குவாரும் பலர். அவர்க்கு ஒரு விண்ணப்பம். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் மென்பொருள் நிறுவிய முப்பது கணினிகள் ஒரு கூடத்தில் இருப்பின், ஆசிரியர் ஒருமுறை கற்பித்தது ஒரு மேசையிற் பலிக்கும். அடுத்த மேசையிற் பலியாது. பலியாத மேசையில் அமர்ந்த மாணவன் பிழை தன்னுடையது என்று எண்ணி மனந்தளர்வான். பொறியின் குற்றம் பிள்ளையின் குற்றமாகத் தோன்றும் இவ்விடர் பண இழப்பினும் கொடியது. ஆதலிற் கணினி தருவோர், அதில் இருக்கவேண்டிய பொதிகளையும் பதிப்புகளையும் ஒரு தாளில் எழுதித் தருக. அத்தாளைக் கொண்டே எல்லாக் கணினிகளையும் அமைக்கும் ஒழுங்கையும் உடன் தருக. கூடத்திலேயே களஞ்சியத்தின் பிரதி ஒன்றை வைத்தால், இணைய வசதி குன்றிய நாளிலும் பணி தடைப்படாது. புதிய பதிப்பு வருங்கால், முதலில் ஒரு கணினியில் நிறுவி ஒரு கிழமை பார்த்த பின்னரே ஏனையவற்றுக்குத் தருக. தவணைக்கு ஒருமுறையேனும் எல்லாப் பொறிகளையும் வினவி, விடைகளை அத்தாளோடு ஒப்புநோக்குக.

இவ்வேலையை உயர்வகுப்பு மாணவரிடமே ஒப்படைக்கலாம். ஒருவர் நிறுவ, மற்றொருவர் சரிபார்த்தல் வேண்டும். நைற் கப்பிற்றலில் இல்லாதிருந்த அந்த இரண்டாமவர் நம் மாணவரிடையே இருப்பாராக. ஒரு பானையிற் பொங்குக. பொங்குமுன் அரிசியை ஆய்க. பரிமாறுமுன் ஒரு சோறு எடுத்துப் பார்க்க. நம் அன்னையர் அடுக்களையிற் கைக்கொண்ட இந்நெறியே கணினிக் கூடத்துக்கும் உரிய நெறியாகும்.